முதன்முதலாக உங்கள் கையால் செய்த மரச்சாமான் எது? புதிதாகத் தொடங்குபவர் எதில் தொடங்கலாம்?

குரண்டி. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும் குட்டைக்கால் பலகை. எங்கள் குமரி மாவட்டத்து அடுக்களையில் உட்கார்ந்து வேலை செய்ய அதுதான். நான் செய்த முதல் மரச்சாமான் அதுவே. தொடங்கப் போகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். நாற்காலி என்றால் சாய்வு, கோணம், பத்துப் பன்னிரண்டு இணைப்பு என்று முதல் வாரத்திலேயே மனம் விட்டுப்போகும். குரண்டிக்கு ஒரு பலகை, நான்கு கால், அவ்வளவுதான். ஆனால் மரத்தைப் பற்றித் தெரியவேண்டியதில் பாதி அந்த நான்கு துளைக்குள் இருக்கிறது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது குலசேகரம் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்னால் நின்ற வரிக்கைப் பலா வேரோடு சாய்ந்தது. பாட்டா, அதாவது என் தாத்தா, வைத்த மரம். விறகுக்கு விலை கேட்டு ஆள் வந்தது, அப்பா கொடுக்கவில்லை. மில்லில் கொடுத்து ஒன்றரை இஞ்ச் பலகைகளாக அறுத்து, தொழுவத்தில் அடுக்கி வைத்தார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரே கனத்தில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகள், காற்றுப் போய்வர. வெட்டுமுனை இரண்டிலும் மிச்சமிருந்த பெயிண்ட். மரத்திலிருந்து ஈரம் வேகமாக வெளியேறுவது வெட்டுமுனை வழியாகத்தான். அதை அடைக்காவிட்டால் முனை முதலில் காய்ந்து வெடித்துவிடும். ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு வருடம் நிழலில் காயவேண்டும் என்பது பொதுவான கணக்கு. நமக்கு ஆனி, ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டு. அதனால் கூட ஆறு மாதம் பொறுத்தால் நல்லது.

2020 ஊரடங்கில் ஒரு பலகையை இறக்கினேன். அடுத்த வீடு ஆசாரிப் பாட்டா வீடு. கண் மங்கியதால் வேலையை விட்டவர். மரத்தைச் சீவிச் சமமாக்கும் அவருடைய இழைப்புளியையும் இரண்டு உளிகளையும் தந்தார். தருவதற்கு முன் ஒரு நாள் முழுக்கச் சாணைக்கல்லில் உளி தீட்ட வைத்தார். பலகையின் வெட்டுமுனையில் உளியை வைத்துத் தள்ளினால் பொடியாக உதிராமல் மெல்லிய சீவலாக வரவேண்டும், அதுவரை தீட்டு என்றார். சாயங்காலம்தான் வந்தது. மொட்டை உளிதான் கையைக் கிழிக்கும், ஏனென்றால் அதை அழுத்த வேண்டியிருக்கும்.

பலாவை இழைக்கும்போது வரும் அந்த மஞ்சளைப் பார்க்கவேண்டும்! விரலி மஞ்சளை அரைத்த மாதிரி கை, கால், சட்டை எல்லாம் மஞ்சள். புத்த பிக்குகளின் காவிக்குச் சாயம் எடுத்ததும் பலாவின் வைரத்திலிருந்து, அதாவது நடுவிலுள்ள கெட்டிப் பகுதியிலிருந்துதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வீணைக் குடம் குடைவதும் இந்த மரத்தில்தானே. ஓரத்து வெள்ளைப் பகுதியை மட்டும் மிச்சமில்லாமல் கழித்துவிடுங்கள், உளுப்பது அங்கிருந்துதான் தொடங்கும்.

இப்போது துளைக்கு வருகிறேன். பதினாலு இஞ்ச் நீளம், ஒன்பது இஞ்ச் அகலப் பலகை. ஒரு இஞ்ச் சதுரத் துளை நான்கு. கோட்டைப் பென்சிலால் போடாமல் கத்தி முனையால் கீறினால் உளி அந்தக் கீறலில் தானாக உட்காரும். மேலிருந்து பாதி, கவிழ்த்துப்போட்டுக் கீழிருந்து பாதி தோண்டவேண்டும். ஒரே பக்கமாக இறக்கினால் மறுபக்கம் சிம்பாகப் பெயர்ந்து வரும். துளைக்குள் நுழைவதற்காகக் காலின் தலையில் செதுக்கி விட்ட நாக்கு, பாதி தூரம் கையாலும் மீதி கொட்டாப்புளியாலும் (மரச்சுத்தியல்) இறங்கினால் சரியான பிடி. நாக்கின் உச்சியில் வாளால் ஒரு வெட்டுப் போட்டு, மேலே எட்டிப் பார்க்கும் அந்த வெட்டில் ஆப்பு இறக்கினால் நாக்கு விரிந்து இறுகும். ஆணி வேண்டாம், பசைகூடக் கட்டாயமில்லை.

முதல் பலகையில் மூன்று கால் நன்றாக நின்றது. நாலாவது ஆப்பை அடித்தபோது சத்தம் மாறியது. டொக் டொக் என்று வந்தது, ஒரு அடியில் சட்டென்று வறண்டு கேட்டது. துளையின் மூலையிலிருந்து ஒரு மயிரிழைக் கோடு ஓடி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகையின் முனைவரை போய்விட்டது. ஆறு நாள் வேலை. பாட்டா மரம். எனக்கு அழுகையே வந்தது.

ஆசாரிப் பாட்டா மதிலுக்கு இந்தப் பக்கம் வந்து, விரலால் அந்தப் பிளவைத் தடவிப் பார்த்தார். "ரேகை போற வழியிலயே ஆப்பு வச்சா பொளக்காம என்ன செய்யும் மக்ளே? வெறகு எப்படிக் கீறுவ?"

அப்போதுதான் உறைத்தது. நாலாவது நாக்கில் மட்டும் வெட்டைத் திருப்பிப் போட்டிருந்தேன். ரேகை என்பது மரத்தின் நார் ஓடும் வரி. ஆப்பு பலகையின் ரேகைக்குக் குறுக்கே நிற்கவேண்டும். அப்படி நின்றால் அது தள்ளுவது ரேகையின் நீளவாக்கில். அந்தத் திசையில் மரத்துக்குப் பலம் அதிகம், தாங்கிவிடும். ரேகையோடு ஒட்டி நின்றால் கோடாலி செய்கிற வேலையை ஆப்பு செய்துவிடும். குரண்டியில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். மரம் மழையில் உப்புவதும் வெயிலில் சுருங்குவதும் அகலவாக்கில்தான், நீளத்தில் அநேகமாக இல்லை. ரேகை எப்படி ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான் இப்போதெல்லாம் அளவு நாடாவையே எடுக்கிறேன்.

இரண்டாவது பலகை பிளக்கவில்லை. கால் ஆடியது. அதற்கு வழி சுலபம்: சமமான தரையில் வைத்து, ஆடும் காலடியில் சிராய்த்துண்டு கொடுத்து நிலைப்படுத்துங்கள். அப்புறம் ஒரு சின்னக் கட்டையின்மேல் பென்சிலைப் படுக்கவைத்து, நான்கு காலையும் சுற்றிக் கோடு இழுத்து, அந்தக் கோட்டில் அறுங்கள். உப்புத்தாளை எண்பதாம் எண், நூற்றிருபது, இருநூற்றிருபது என்று சொரசொரப்பு குறையும் வரிசையில் போட்டு, ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை தேய்த்தேன். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள். சுருட்டினால் சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும்.

பலா கிடைக்காதவர்கள் அயனிப் பலாவில் செய்யலாம். ரப்பர் மரம் நம் ஊரில் மலிவு, ஆனால் மருந்து ஏற்றாத ரப்பர் பலகையில் பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் ஏறும். முதல் வேலைக்கு வேண்டாம். ஒரு நாள் தக்கலை பக்கம் போய்ப் பத்மநாபபுரம் அரண்மனையையும் பாருங்கள். அங்கே தாய்க்கொட்டாரம் என்ற பகுதியில் உள்ள ஏகாந்த மண்டபத்தில் பூவேலை செய்த ஒற்றைப் பலாத் தூண் நிற்கிறது. உளி பிடித்த பிறகு பார்த்தால் அதன்முன் நிற்கும் நேரமே வேறு.

அம்மா இன்றைக்கும் அந்தக் குரண்டியில் உட்கார்ந்துதான் மரச்சீனிக்கிழங்கு தோல் சீவுகிறாள். மேல்பக்கம் கட்டன்சாயா நிறத்துக்கு வந்துவிட்டது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் இருக்கிறது.