மெஷின் லோடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: ஒரு பீஸுக்கு 3 நிமிடம். 8 மணி நேர ஷிப்டில் 160 வர வேண்டும், 110-ஐத் தாண்டவில்லை. ஆபரேட்டர் ஏமாற்றுகிறாரா?

ப: ஆபரேட்டர் மேல் தப்பில்லை, உங்கள் கணக்கில்தான் தப்பு. 480 நிமிடத்தில் சாப்பாடு, டீக்கு 30 போகும். செட்டப் (அடுத்த ஜாப்புக்கு மெஷினைத் தயார் செய்வது) இரண்டு, தலா 40 என்றால் 80. டூல் மாற்றுவது, சிப் (உலோகச் சீவல்) அள்ளுவது, அளவு திருத்துவது எல்லாம் சேர்த்து 30. மிச்சம் 340. மூன்றால் வகுத்தால் 113, ரிஜெக்ஷன் மூன்று போனால் 110. ஒழுங்காகத்தான் ஓட்டியிருக்கிறார்.

கே: எங்கள் ஓஇஇ (மெஷினுக்கு உள்ள நேரத்தில் நல்ல பீஸாக மாறிய பங்கு) 95 சதவீதம். நல்லதுதானே?

ப: நம்பாதீர்கள். செட்டப்பைக் கணக்கிலிருந்தே தள்ளியிருப்பார்கள், அல்லது ஸ்டாண்டர்டு டைமை (ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று குறித்த நேரத்தை) தாராளமாக வைத்திருப்பார்கள். ஸ்டாப்வாட்சோடு நின்று 20 பீஸுக்கு நேரம் எடுத்துப் பாருங்கள்.

கே: லேத் மணிக்கு 30 பீஸ் தருகிறது, அடுத்துள்ள கிரைண்டர் (பீஸைத் தேய்த்து அளவாக்கும் மெஷின்) 20தான் முடிக்கிறது. லேத் மூன்றில் ஒரு பங்கு நேரம் சும்மா நிற்கிறது. அதையும் 100 சதவீதம் ஓட்ட வழி சொல்லுங்கள்.

ப: ஓட்டாதீர்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் இதே கேள்வி வருகிறது. லேத்தை நிறுத்தாமல் ஓட்டினால் ஷிப்டுக்கு 75 பீஸ், ஆறு ஷிப்டில் 450 பீஸ் கிரைண்டர் முன்னால் குவியும். வெளியே போவது அதே மணிக்கு 20தான். குவிந்ததில் துருப் பிடிக்கும், டிராயிங் மாறினால் மொத்தமும் ஸ்கிராப். லேத்தில் ஆஃப்செட் (டூல் நிற்கும் இடத்தின் அளவு) 0.05 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால், அது தெரியவரும்போது டிராலிகள் நிறைந்திருக்கும்.

கவனம் முழுக்க கிரைண்டர் மேல் இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்தில் மாற்று ஆள் போட்டு ஓட்டுங்கள். பீஸை கிரைண்டருக்கு முன்பே செக் பண்ணுங்கள்; கெட்ட பீஸ் அதன் 3 நிமிடத்தைத் தின்னக் கூடாது. லேத் நிற்கும் நேரத்தில் மெயின்டெனன்ஸ் பாருங்கள்.

இன்னொன்று. ஆர்டர் ஒழுங்கில்லாமல் வரும் பட்டறையில், மெஷின் லோடு (மெஷினுக்கு உள்ள நேரத்தில் வேலை பிடிக்கும் பங்கு) 80 சதவீதம் என்றால் ஒரு ஜாப் தன் வேலை நேரத்தைப் போல் சுமார் 4 மடங்கு வரிசையில் காத்திருக்கும். 90-ல் 9 மடங்கு, 95-ல் 19. 100-ஐத் துரத்துகிறவர்கள் டெலிவரி தேதியைக் கோட்டை விடுவது இதனால்தான். 85-க்கு மேல் பிளான் போடாதீர்கள்.

கே: செட்டப் 40 நிமிடம் ஆகிறது. பேட்சை (ஒரு செட்டப்பில் ஓட்டும் பீஸ்களின் எண்ணிக்கையை) பெரிதாக்கலாமா?

ப: 20 பீஸ் பேட்சில் தலைக்கு 2 நிமிடம், 80-ல் அரை நிமிடம். லாபம், மேலே சொன்ன கிரைண்டர் போல நெருக்கடியான மெஷினில் மட்டும். மற்றதில் குவியல்தான் கூடும். அதற்கு முன், டூல், ஃபிக்ஸ்சர் (பீஸைப் பிடிக்கும் அமைப்பு), கேஜ் (அளவுக் கருவி), புரோகிராம் நான்கையும் முந்தின ஜாப் ஓடும்போதே தயாராக எடுத்து வையுங்கள்.

கே: புது மெஷின் வாங்கலாமா?

ப: என்ன மெஷின், எத்தனை ஷிப்ட், லோடு எவ்வளவு, எதையும் எழுதவில்லை. மூன்று மாத லோடு கணக்கை வாரவாரியாக அனுப்புங்கள். செட்டப்பைக் குறைத்த பிறகும் 85-க்குக் கீழே இறங்காவிட்டால் வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

கே: லோடு கணக்கு மாதத்துக்கா, வாரத்துக்கா?

ப: வாரத்துக்கு. மாதச் சராசரி போட்டால் முதல் வாரம் மெஷின் சும்மா நின்றதும் கடைசி வாரம் ஓவர்டைம் போட்டதும் கண்ணில் படாது.