அக்கா பையன் 'நியூ கேம்' அமுக்கிட்டான், வீட்ல நான்தான் வில்லன்

வணக்கம் மேடம்,

நான் கேஎல் (கோலாலம்பூர்) செந்தூல்ல இருக்கேன், வயசு 39, எட்டு வயசுல ஒரு மக இருக்கா. என் பிரச்சனைய கேட்டா நீங்களும் சிரிப்பீங்க, வீட்ல ஏற்கனவே எல்லாரும் சிரிச்சாச்சு, அதனால பரவால்ல லா.

எங்கிட்ட வீடியோ கேம் கலெக்சன் இருக்கு. சின்ன ரூம்ல ஷெல்ஃப் அடிச்சு, கேம் பாய், சூப்பர் ஃபேமிகாம், பிளேஸ்டேசன் பிஎஸ் ஒன், பிஎஸ் டூல இருந்து இப்ப உள்ள நின்டெண்டோ ஸ்விட்ச், பிஎஸ் ஃபைவ் வரைக்கும் கேம் மெசினெல்லாம் அடுக்கி வச்சிருக்கேன். நாங்க படிக்குற காலத்துல எல்லாரும் சில வெள்ளிக்கு (ரிங்கிட்) பைரேட் சிடி வாங்கிட்டு இருந்தப்ப நான் மட்டும் கேன்டீன்ல சாப்பிடாம காசு சேர்த்து சுங்கை வாங் பிளாசாவுல ஒரிஜினல் கேட்ரிட்ஜ், அதான் மெசின்ல சொருகுற கேம், வாங்கினவன். அதுல ஒன்னு போக்கிமான் யெல்லோ. ஃபிரெண்டோட கேம் பாய்ல கேபிள் மாட்டி டிரேட் பண்ணி 150 போக்கிமானையும் புடிச்சு முடிச்ச சேவ், அதான் ஆடுனதோட பதிவு, அதுல இருந்துச்சு. இருந்துச்சு.

தீவாளி ஓப்பன் ஹவுஸ், வர்றவங்க எல்லாருக்கும் வீட்ல விருந்து. வைஃபோட அக்கா குடும்பம் கிள்ளான்ல இருந்து வந்திருந்தாங்க, ஆபீஸ் ஃபிரெண்ட்ஸ், பக்கத்து வீட்டு சீனக் குடும்பம்னு வீடு ஃபுல்லு. நான் லிஃப்ட் வரைக்கும் ஒருத்தர வழியனுப்பிட்டு வந்து பாத்தா அக்காவோட சின்னவன், ஏழு வயசு, தரையில உக்காந்து கேம் பாய வச்சிருக்கான், ஸ்கிரீன் பூரா முறுக்கு எண்ணெய். நியூ கேம் ஆரம்பிச்சு சேவும் பண்ணிட்டான். அந்த கேம்ல ஒரே ஒரு சேவ்தான் மேடம், பழைய ஃபைல் அழிஞ்சிடும் ஓகேவான்னு கேட்கும், அவன் ஏ பட்டனையே அமுக்கிட்டு இருந்திருக்கான். கேம்ல வர்ற ஆளோட பேரே 'ஏஏஏஏஏஏஏ'ன்னு இருந்துச்சு.

நான் கத்தல. சத்தியமா கத்தல. ஆனா மூஞ்சி மாறிடுச்சாம், கேம் பாய வெடுக்குன்னு புடுங்கினேனாம், பையன் அழுதுட்டான். "ஒரு பொம்மைக்காக பிள்ளைய அழ வைக்குறாரு"ன்னு அக்கா சாப்பாட்டுக்கு கூட நிக்காம கிளம்பிட்டாங்க. அன்னியிலருந்து ரூம பூட்டித்தான் வைக்குறேன். மாமியாருக்கு அது வேற கோவம், சொந்தக்காரங்க வர்ற வீட்ல பூட்டு தொங்கலாமான்னு. இப்ப ஸ்கூல் லீவுக்கு ரெண்டு பசங்களும் ஒரு வாரம் எங்க வீட்ல தங்கப் போறாங்க. ஒன்னு ரூம தொறந்து விடுங்க, இல்ல நீங்களே அக்காகிட்ட பேசிக்கோங்கன்னு வைஃப் சொல்லிட்டாங்க. மகளும் அப்பப்ப கேப்பா, பெரியவளானதும் தர்றேன்னு சொல்லி வச்சிருக்கேன்.

நான் கஞ்சனா மேடம்? இல்ல, குடுத்துப் பழகணுமா?

- செந்தூல் வாசகர்

ஆலோசகர் பதில்:

தம்பி, வணக்கம். சிரிக்கல. 1988ல ரஸ்ஸல் பெல்க்னு ஒரு ஆய்வாளர் இதப்பத்தியே எழுதியிருக்காரு, மனுசன் தன்னோட சாமான்கள தன்னோட ஒரு பாகமாவே நினைக்குறான்னு, அதனாலதான் அது தொலைஞ்சா பொருள் போன மாதிரி இல்லாம தன்னையே கொஞ்சம் எடுத்துட்டுப் போன மாதிரி வலிக்குது. படிக்குற வயசுல வயித்தக் கட்டி வாங்கினது வலிக்கத்தான் செய்யும். அத பொம்மைன்னு சொன்னவங்க வீட்ல கல்யாண ஆல்பத்த எடுத்து ஒரு பிள்ளை கிறுக்கியிருந்தா தெரியும் அவங்களுக்கு.

ஆனா அந்தப் பையன் மேலயும் தப்பு இல்ல. ஏழு வயசுப் பிள்ளைக்கு ஷெல்ஃப்ல இருக்கறது மியூசியமா விளையாட்டு சாமானான்னு எப்படித் தெரியும்? யாரும் சொல்லல. கதவு தொறந்து கிடந்துச்சு, எடுத்தான், ஆடுனான். நம்ம ஆளுங்க வீட்ல இதுதான் எப்பவும் நடக்குது, வந்தவங்ககிட்ட இல்லைன்னு சொல்ல வாய் வராது, மனசுக்குள்ள பதறிக்கிட்டே "எடுத்துக்கோ பா"ம்போம், அப்புறம் கடைசி நிமிசத்துல வெடிப்போம். நீங்க இப்ப அதுக்கு பதிலா நேரா பூட்டுக்குப் போயிட்டீங்க. நடுவுல நிறைய வழி இருக்கு.

மொதல்ல கலெக்சனப் பிரிங்க. போனா திரும்ப வராதது எதுவோ, பழைய கேட்ரிட்ஜ், மெமரி கார்டு, அதெல்லாம் பூட்டுக்குள்ளயே இருக்கட்டும், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். கேம் ஆடுற ஒரு தம்பிகிட்ட கேட்டேன், அந்தக் காலத்து கேட்ரிட்ஜ்ல சேவ தாங்குறது உள்ள இருக்குற சின்ன வட்ட பேட்டரியாம், அது தீர்ந்தா யாரும் தொடாமலே சேவ் போயிடுமாம். சேவ கம்ப்யூட்டர்ல எடுத்து வைக்குற கருவி விக்குதுன்னாரு. மிச்சம் இருக்குற கேட்ரிட்ஜுங்களுக்கு இந்த வாரமே அதப் பண்ணிடுங்க, அக்கா பசங்க மேல உள்ள பயத்துல பாதி அதுலயே குறையும்.

விருந்தாளிக்கு ஸ்விட்ச ஹால்ல வைங்க. அதுல வர்றவங்களுக்குன்னு தனியா ஒரு யூசர் போட்டுட்டா பெரும்பாலான கேம்ல உங்க சேவ் பக்கமே அவங்க வர முடியாது. சிலது விதிவிலக்கு, அனிமல் கிராசிங் நியூ ஹொரைசன்ஸ்ல ஒரு மெசினுக்கு ஒரே தீவுதான், எந்த யூசர்ல வந்தாலும் உங்க தீவுலயேதான் ஆடுவாங்க, அத கண்ணுல காட்டாதீங்க. ரெண்டு கன்ட்ரோலர் வாங்கி இது பசங்களோடதுன்னே விட்டுருங்க, உடைஞ்சா உடையட்டும், அந்தக் காச ஓப்பன் ஹவுஸ் செலவுல சேத்துக்கோங்க. பிஎஸ் ஃபைவ்ல உங்க பேங்க் கார்டு சேவ் ஆகியிருந்தா வாங்குறதுக்கு பாஸ்வர்ட் கேக்குற மாதிரி போட்டுருங்க, பிள்ளைங்க கை படாத பட்டன் கிடையாது. அப்புறம் அட்டையில 18னு போட்ட கேம் எதுவும் அந்த ஒரு வாரம் வெளிய இருக்கக் கூடாது. அது உங்க சாமானக் காப்பாத்துறதுக்கு இல்ல, அடுத்தவங்க பிள்ளைக்கு எது காட்டலாம்னு முடிவு பண்ற உரிமை அவங்க அம்மா அப்பாவோடது.

அக்காகிட்ட நீங்கதான் பேசணும், வைஃப் சொல்றது சரி. பசங்க வந்து இறங்குறதுக்கு முன்னாடி ஃபோன் போடுங்க. "அக்கா, பசங்க வர்றது சந்தோசம், அவங்களுக்குன்னு ஸ்விட்ச் ரெடி பண்ணி வச்சிருக்கேன், உள்ள ரூம்ல உள்ளது என் பழைய சாமான், அத மட்டும் நான் கூட இருக்கறப்ப எடுத்துக் காட்டுறேன்." அவ்ளோதான். தீவாளி அன்னிக்கு நடந்தத இழுக்காதீங்க, அவங்க இழுத்தா "சின்னவன் அழுதது எனக்கும் கஷ்டமா இருந்துச்சுக்கா"ன்னு சொல்லிட்டு நிறுத்திக்கோங்க. பூட்டு தெரியாத அளவுக்கு ஹால்ல ஆட்டம் நடந்தா மாமியாரும் பேச மாட்டாங்க.

இப்ப நான் சொல்ல வந்தது. கேட்ரிட்ஜப் பத்தி, முறுக்கு எண்ணெய பத்தி, ஏ பட்டனப் பத்தி அவ்ளோ எழுதியிருக்கீங்க, மகளப் பத்தி ஒரே ஒரு வரி. பெரியவளானதும்னா எப்ப தம்பி? தீவாளிக்கு வந்துட்டுப் போற பையனுக்குப் போடுற சட்டமும் அந்த வீட்லயே பொறந்து வளர்ற பிள்ளைக்குப் போடுற சட்டமும் ஒன்னா? நீங்க படிக்குற வயசுல கேட்ரிட்ஜ பத்திரமா வச்சிருந்தீங்கன்னா அது உங்க சொந்தக் காசுங்கறதால. அவளுக்கு ஷெல்ஃப்ல ஒரு தட்டு குடுங்க, அதுல எது இருக்கணும்னு அவளே சொல்லட்டும், டிஸ்க்க ஓரத்துல புடிக்கறது, கேட்ரிட்ஜ ஊதாம மாட்டுறது எல்லாம் பக்கத்துல உக்காந்து காமிங்க. ஏதாச்சும் கீழ விழும். விழுறப்ப உங்க மூஞ்சி மாறும், உடனே அவ பாப்பா. மாறுனா "எனக்கு ஒரு நிமிசம் வேணும்மா"ன்னு வாயத் தொறந்து சொல்லிட்டு எழுந்து போய் தண்ணி குடிச்சிட்டு வாங்க, வெடுக்குன்னு புடுங்குறது மட்டும் வேண்டாம்.

பெரியம்மா பசங்க வர்றதுக்கு முன்னாடியே இத ஆரம்பிச்சிடுங்க. அவங்களுக்கு ஸ்விட்ச்ல யூசர் போட்டுக் குடுக்கற வேலைய அவகிட்டயே விடலாம்.