அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?

கேள்வி: டிசம்பர்ல குடும்பத்தோட இலங்கை போறோம். எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த ஊர் எழுத்தாளர்களப் படிச்சிட்டுப் போறது என் பழக்கம். மார்ட்டின் விக்கிரமசிங்கவோட 'கம்பெரலிய' முடிச்சிட்டேன். ஹட்டன் பக்கம் பழைய துரை பங்களாவுல ரூம் போட்டிருக்கோம், மலையகம் பத்தி எதப் படிக்கலாம்? என் மாமியாரும் அந்தப் பக்கம் பொறந்தவங்கதான், பத்து வயசுல கோத்தகிரி வந்துட்டாங்க, அதப் பத்திப் பேசவே மாட்டாங்க. வீட்டப் பாத்துக்க அவங்க இருக்கறதால கவலையில்ல.
- வாசகி, கோவை

பதில்: புக்கு அப்புறம். கடைசி வரிய எழுதும்போது கை கொஞ்சம்கூட நிக்கலையாம்மா? அவங்க பொறந்த மலைக்கு நீங்க டூர் போறீங்க, அவங்க இங்க செடிக்குத் தண்ணி ஊத்திட்டு சிலிண்டர் வாங்கி வைக்கணும், 'வர்றீங்களா அத்தை'ன்னு கேட்டதா லெட்டர்ல எங்கயும் இல்ல.

பேச மாட்டாங்கன்னு சுலபமா சொல்லிட்டீங்க. இங்கேருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போன மலையகத் தமிழ் ஜனங்களோட குடியுரிமை 1948ல போச்சு, 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கணும்னு முடிவு பண்ணாங்க, அண்ணன் அங்க தம்பி இங்கன்னு எத்தனையோ குடும்பம் பிரிஞ்சுது. தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் கேம்ப்ல இருந்து, கடைசில நீலகிரில இவங்களுக்காகவே அரசாங்கம் போட்ட தோட்டத்துல திரும்பவும் அதே கொழுந்துக் கூடை. அங்க கள்ளத்தோணின்னாங்க, இங்க சிலோன்காரங்கன்னாங்க. பத்து வயசுப் புள்ள இத யார்கிட்டப் போய் சொல்லும்? கல்யாணமாகி வந்த வீட்லயும் யாரும் உக்காந்து கேக்கல.

தெளிவத்தை ஜோசப்போட 'நாமிருக்கும் நாடே' சிறுகதைகள்ல ஆரம்பிங்க, தோட்டத்துக்குள்ளயே வாழ்ந்து எழுதினவர், பேருக்கு முன்னாடி இருக்கறதே அவர் வேலை பாத்த தோட்டத்துப் பேருதான். லயம்னா என்ன, ஒரே கூரைக்குக் கீழ வரிசையா அறைக்கு ஒரு குடும்பமா எப்படி இருந்தாங்க, விடியறதுக்குள்ள பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் குடுக்கற இடத்துக்கு, ஏன் ஓடினாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டீங்கன்னா அத்தைகிட்ட எதக் கேக்கணும்னு தெரியும், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், சொந்தக்காரங்க யாரு அங்கயே தங்கிட்டாங்கன்னு. அந்தக் காலத்துல துரை, அதாவது தோட்ட மேனேஜர், பங்களா வாசல்ல கைகட்டி நின்னவங்க இவங்க ஆளுங்கதான், அதையும் மனசுல வச்சுக்கிட்டு அங்க போய்ப் படுங்க.

உங்க வீட்டுக்காரருக்கும் சேத்துதான் சொல்றேன், பெத்தவங்களக் கேக்காம அவரு எப்படி டிக்கெட் போட்டாரு? இன்னிக்கு ராத்திரியே ரெண்டு பேரும் உக்காந்து கேளுங்க. வர்றேன்னாங்கன்னா பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணுங்க, டிசம்பர் இல்லன்னா ஏப்ரல்ல போங்க. வேணாம்னாங்கன்னா வற்புறுத்தாதீங்க, தோட்டத்துப் பேர மட்டும் வாங்கிட்டுப் போய் அவங்க ஆளுங்க யாராவது இருக்காங்களான்னு விசாரிங்க, அதுக்காக பங்களாவுல ஒரு நாள் குறைஞ்சா குறையட்டும்.