ஈரத்தோடு மூடாதீர்கள், பாலிஷுக்கும் கொடுக்காதீர்கள்

கேள்வி: கடலூரில் இருக்கிறோம். போன வருடம் மகனுக்காக 6 அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப் (அடிப்பீடத்தில் நிற்கும், குழாயின் அடியிலுள்ள கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் வகை) வாங்கினேன். தை மாத இரவுகளில் மொட்டை மாடியில் பார்த்து முடிக்கும்போது குழாயெல்லாம் பனியில் நனைந்திருக்கும். துடைத்து, உடனே மூடி போட்டு, வாங்கும்போது வந்த அட்டைப்பெட்டியிலேயே பாச்சை உருண்டையோடு வைத்துவிடுவேன். இப்போது உள்ளே கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. ஒரு கடைக்காரர், "பூஞ்சை பிடித்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிக் கொடுங்கள், பாலிஷ் போட்டுத் தருகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா? இனி எப்படி எடுத்துவைப்பது?

பதில்: கொடுக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் டெலஸ்கோப்பின் கண்ணாடி வீட்டு நிலைக்கண்ணாடி மாதிரி கிடையாது. நிலைக்கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருக்கும், முன்னால் உள்ள கண்ணாடி அதைக் காக்கும். உங்களுடையதில் அலுமினியப் பூச்சு முன்பக்கமே இருக்கிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதன்மேல் பாலிஷ் என்று எதைத் தேய்த்தாலும் புள்ளியோடு பூச்சும் போய்விடும். பூச்சு போனபின் அதே ஆள், "கண்ணாடி வீணாகிவிட்டது, புதுசு வாங்குங்கள்" என்பார். இப்படிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். கேமரா லென்ஸ் துடைப்பவர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், ஆன்லைனில் "சர்வீஸ் பேக்கேஜ்" விற்பவர் என்று யாராக இருந்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "பழைய பூச்சை நீக்கிவிட்டுப் புதுப் பூச்சு போட வெற்றிடக் கலன் எங்கே வைத்திருக்கிறீர்கள்?" அலுமினியத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கித்தான் பூச முடியும். காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் கண்ணாடிக்கும் இதே முறைதான். அதற்கென்று அங்கேயே பூச்சுக்கூடம் இருக்கிறது. சொந்தக் காசில் டெலஸ்கோப் வாங்கி, தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் சனியின் வளையத்தைக் காட்டுகிற ஒருவர் தன் 6 அங்குலக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய் நிற்க மாவட்டத்துக்கு ஒரு இடமாவது வேண்டாமா? அறிவியல் மனப்பான்மை பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இதைச் செய்து கொடுத்திருந்தால் பாலிஷ்காரர்களுக்கு வேலையே இருக்காது.

சரி, உங்கள் புள்ளிகளுக்கு வருவோம். டார்ச்சை நேராக அடித்துப் பார்த்தால் எந்தக் கண்ணாடியும் கேவலமாகத்தான் தெரியும்; அதை வைத்துப் பயப்பட வேண்டாம். பகல் வெளிச்சத்தில், வெயில் படாத இடத்தில், சாய்வாகப் பாருங்கள். புள்ளி வட்டமாக, நடுவில் வெளுத்து, ஓரத்தில் மெல்லிய கோடு கட்டியிருந்தால் அது பனித்துளி காய்ந்த கறை, கழுவினால் போய்விடும். நூல் நூலாகக் கிளை விட்டு, சிலந்திவலை போலப் பரவியிருந்தால்தான் பூஞ்சை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதல் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் இப்போது வைக்கிற விதத்திலேயே இன்னொரு மழைக்காலம் போனால் இரண்டாவதும் வரும்.

தெளிந்த வானத்தின் கீழ் குழாயும் கண்ணாடியும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனியாகப் படியும். நீங்கள் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு மூடுகிறீர்கள், உள்ளே இருப்பது அப்படியே அடைபடுகிறது. கடலோரக் காற்றில் உப்பும் சேர்ந்திருக்கும்; ஈரமும் உப்பும் கூடினால் அலுமினியத்துக்கு ஆகாது. பூஞ்சைக்கு வேண்டியது ஈரம், இருட்டு, அசையாத காற்று, கொஞ்சம் தூசி. நீங்கள் மூடி போட்டுப் பெட்டிக்குள் வைக்கும்போது நான்கையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்.

இனி இப்படிச் செய்யுங்கள். பார்த்து முடித்ததும் டெலஸ்கோப்பை ஏசி போடாத கூடத்துக்குக் கொண்டுவந்து, குழாயைப் படுக்கைவாட்டில் வைத்து, மூடியைத் திறந்தே விடுங்கள். மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டு நீங்கள் தூங்கப் போகலாம்; காற்று நேராகக் குழாய்க்குள் அடிக்க வேண்டாம், தூசி போகும். காலையில் டார்ச்சை ஓரத்திலிருந்து அடித்துப் பாருங்கள். கண்ணாடியில் மங்கல் இல்லை என்றால் மூடி போடலாம். கண்ணாடியைத் துணியால் தொடவே கூடாது. ஹேர் டிரையரும் வேண்டாம்.

மலைக்குக் கொண்டுபோனால் மட்டும் இது மாறும். இதை நிதானமாகப் படியுங்கள், பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ டிசம்பர் இரவில் டெலஸ்கோப் நன்றாகக் குளிர்ந்துபோயிருக்கும், நீங்கள் தங்கும் அறையோ கதகதப்பாக இருக்கும். திறந்தபடி உள்ளே கொண்டுபோனால், அதுவரை காய்ந்திருந்த கண்ணாடிமேல் அறைக்காற்றின் ஈரம் படிந்து நிமிடத்தில் நனைந்துவிடும். அதனால் அங்கே வெளியிலேயே மூடி போட்டு, குழாயைப் பெரிய பாலிதீன் உறையில் நுழைத்து வாயைக் கட்டி, அப்புறம் அறைக்குள் கொண்டுபோங்கள். ஈரம் உறையின் வெளிப்பக்கம் படியும், படியட்டும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, தொட்டால் குளிர்ச்சி தெரியாதபோது உறையைப் பிரியுங்கள். கண்ணாடி வெளியிலேயே நனைந்திருந்தால் இந்த வித்தையும் உதவாது. மூடாமல் குளிர்ந்த வராந்தாவிலேயே காயவிட வேண்டும். கடலூர் வீட்டில் பாலிதீன் உறை வேண்டவே வேண்டாம், அங்கே அது ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். ஏசி அறையில் டெலஸ்கோப்பை வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து வெளியே எடுக்கும்போது. குளிர்ந்த கண்ணாடி மொட்டை மாடிக் காற்றைப் பட்டதும் வியர்க்கும். அவர்கள் மூடியைத் திறக்காமல் அரை மணி நேரத்துக்கு முன்பே வெளியே எடுத்து வைக்கட்டும்.

அந்த அட்டைப்பெட்டியை பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுங்கள். அட்டை ஈரத்தைக் குடித்துவைத்துக்கொள்ளும், தெர்மோகோல் காற்றை விடாது, கரப்பானுக்கும் அதுதான் வீடு. நான் போய்ப் பார்த்த ஒரு பள்ளியில் நல்ல டெலஸ்கோப் ஒன்று பெட்டியோடு ஆய்வக பீரோவில் பூட்டிக்கிடந்தது. இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்ட பொருள், எடுத்து ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று யாரும் தொடவில்லை. திறந்தபோது கண்ணாடி முழுக்கப் பூஞ்சை, குழாய் வாயில் குளவி மண்கூடு. பிள்ளைகள் அதில் ஒருநாள்கூட நிலாவைப் பார்க்கவில்லை. பதிவேட்டில் மட்டும் பொருள் "நல்ல நிலையில்" இருக்கிறது.

உங்கள் டாப்சோனியன் அதன் அடிப்பீடத்திலேயே, குழாய் படுக்கைவாட்டில், கூடத்து மூலையில் நிற்கட்டும். மேலே பழைய பருத்தி வேட்டி ஒன்று போதும். ஆனால் ஜன்னல் வெயில் எட்டாத மூலையாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் எது ஈரமானாலும் வெயிலில் காயவைப்பது வழக்கம். டெலஸ்கோப்பை மட்டும் அப்படி வெயிலில் வைத்துவிடாதீர்கள். உங்கள் கண்ணாடி வழக்கமான 1200 மில்லிமீட்டர் குவியத்தூரம் கொண்டது என்றால், சூரியனை 11 மில்லிமீட்டர் வட்டமாகக் குவிக்கும். அது துணியில் பட்டால் தீ, கண்ணில் பட்டால் பார்வையே போகும்.

பாச்சை உருண்டையை இன்றே எடுத்துவிடுங்கள். அது ஆவியாகிக் கண்ணாடிமேலேயே படலமாகப் படியும். கற்பூரமும் அப்படித்தான். ஈரத்தை உறிஞ்ச அரிசி மூட்டையைப் பக்கத்தில் வையுங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், பூச்சிதான் வரும். ஐபீஸ்களுக்கு (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ் குழல்களுக்கு) மட்டும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கும். அதையே சின்னப் பொட்டலமாக்கிப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். ஆரஞ்சு நிறத்ததை வாங்குங்கள். நீல நிறத்தில் கோபால்ட் உப்பு இருக்கும், பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். நிறம் மாறியதும் சமையலுக்குப் பயன்படாத பழைய வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி உழைக்கும். குறிபார்க்கும் சிவப்புப் புள்ளிக் கருவியின் பட்டன் பேட்டரியையும் கழற்றி வையுங்கள், ஒழுகினால் கருவி போய்விடும்.

இப்போதுள்ள கறைக்கு ஒரு கழுவல் போதும். அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றும் முன் கண்ணாடித் தாங்கி இருந்த நிலையை பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கையில் மோதிரம் இருக்கக் கூடாது. முதலில் தண்ணீரை ஓடவிட்டுத் தூசியைப் போக்குங்கள். இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, ஈரப் பஞ்சை அதன் சொந்த எடையில் மட்டும் இழுங்கள், அழுத்த வேண்டாம். கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில். போர் தண்ணீர் என்றால் அதன் உப்பே புதுக் கறையாகும். செங்குத்தாகச் சாய்த்துக் காயவிடுங்கள். நடுவில் ஒட்டியிருக்கும் சின்ன வளையம் அழுக்கில்லை, பிய்த்துவிடாதீர்கள். மறுபடி பொருத்தியபின் கண்ணாடியை நேர்ப்படுத்த அதுதான் அடையாளம்.

கழுவிய பிறகும் கிளை விட்ட கோடுகள் தெரிந்தால், சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். புதுப் பூச்சு வேண்டுமா, இப்படியே இன்னும் சில வருடம் ஓடுமா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கண்ணாடி உங்கள் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டாம்.