பழுது பார்க்கும் நொதியே நோயை முந்த வைக்குமா?

கேள்வி: எனக்கு 29 வயது. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறோம். அப்பாவுக்கு 51 வயதில் கை கால் தானாக ஆட ஆரம்பித்தது. கள்ளு குடித்துத் தள்ளாடுகிறார் என்றே ஊரில் பேசினார்கள். அண்ணனுக்கு 34 வயதிலேயே வந்துவிட்டது. இருவருக்கும் ஹண்டிங்டன் நோயாம், பரம்பரையாக வரும் மூளை நோய். ரிப்போர்ட்டில் ‘சிஏஜி’ அப்பாவுக்கு 42, அண்ணனுக்கு 49. ஏன் இந்த வித்தியாசம்? டிஎன்ஏவைச் சரிசெய்யும் பவுடர் ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கலாமா? எனக்கும் 6 வயது மகளுக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பதில்: பவுடர் வேண்டாம் அம்மா. இந்த நோயில் டிஎன்ஏவைப் பழுது பார்க்கும் வேலையே தொல்லைக்குக் காரணமாகிறது.

சிஏஜி என்ற மூன்று டிஎன்ஏ எழுத்துகள் நம் எல்லோருக்கும் இந்த நோய்க்குக் காரணமான மரபணுவில் அடுத்தடுத்துத் திரும்ப வரும். 26 முறை வரை இயல்பு. 40ஐ எட்டினால், ஆயுள் இருந்தால் நோய் வந்தே தீரும். ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வருவதால் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் சில நேரம் இடம் பிசகிச் சேரும். கயிற்றில் ஒரு புரி மட்டும் தளர்ந்து துருத்துவதுபோல ஓர் இழை வளைந்து நிற்கும். எம்எஸ்எச்2, எம்எஸ்எச்3 என்ற புரதங்கள் அதைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்ள, எம்எல்எச்1, எம்எல்எச்3 சேர்ந்த நொதி வெட்டும். வெட்டு எதிர் இழையில் விழுந்தால், துருத்தியதையும் சேர்த்தே நகலெடுத்து அடைத்துவிடும். எண்ணிக்கை கூடிவிடும். விந்தணு உருவாகும்போது இப்படி நீள்வது அதிகம். அண்ணனுக்கு எண்ணிக்கை 49 ஆனதும், அதனால் நோய் முந்தி வந்ததும் அப்படித்தான்.

பிறந்த பிறகும் இது நிற்பதில்லை. மூளையின் உள்ளே, அசைவைக் கட்டுப்படுத்தும் நரம்புச் செல்களில் பல பத்தாண்டுகள் மெல்ல மெல்ல நீள்கிறது. 150ஐத் தாண்டிய பிறகுதான் அந்தச் செல் சீர்கெடுகிறது என்று 2025இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ரத்தத்தில் பார்த்த 49 மூளையின் கணக்கு அல்ல. ஃபேன்1 என்ற நொதி இந்த நீட்சியைத் தடுக்கும். அது ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. ஒரே எண் உள்ள இருவருக்கு நோய் வேறு வேறு வயதில் வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று 2015 முதல் தெரிகிறது.

அப்படியானால் பழுது பார்ப்பதையே நிறுத்திவிடலாமே என்று தோன்றும். எம்எஸ்எச்2, எம்எல்எச்1 பரம்பரையாகக் கெட்டுப்போனவர்களுக்குக் குடல், கருப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்து மிக அதிகம். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் எம்எஸ்எச்3ஐ மட்டும் குறைக்கப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உண்மையான நம்பிக்கை இருக்கிறது. ஆனால் இன்றைக்கு மருந்துக்கடையில் வாங்கும் நிலையில் எதுவும் இல்லை.

அப்பாவிடமிருந்து உங்களுக்கு நோய் தரும் மரபணு வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. டெஸ்ட் எடுப்பதும் எடுக்காமல் இருப்பதும் உங்கள் முடிவு, வீட்டார் வற்புறுத்தக் கூடாது. எடுப்பதானால் முதலில் மரபணு ஆலோசனை பெறுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிறுவனத்தின் நரம்பியல் பிரிவிலோ வேலூர் சிஎம்சியின் மரபியல் பிரிவிலோ கேட்கலாம். இன்னொரு குழந்தைக்கு நினைத்திருந்தால் கருத்தரிக்கும் முன்பே போங்கள். மகளுக்கு இப்போது வேண்டாம். 18 வயதுக்குப் பிறகு அவளே முடிவு செய்யட்டும்.

பவுடருக்கு வைத்த பணத்தில் அண்ணனுக்கு முட்டை, தயிர், நேந்திரம்பழம் வாங்குங்கள். ஓயாத அசைவில் உடம்பு கரையும், மாதம் ஒருமுறை எடை பாருங்கள். நிமிர்ந்து உட்கார வைத்து மெதுவாகச் சாப்பிடக் கொடுங்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.