நிலம் பள்ளத்தில் இருந்தால் அடியில் எண்ணெய் தேங்குமா?

ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பக்கத்து ஊரில் கேஸ் கிணறு இருக்கிறது. என் தோப்பு பள்ளம் என்பதால் எண்ணெய் வடிந்து என் நிலத்தடியில்தான் தேங்கும், சர்வேக்கு முன்பணம் கொடுங்கள் என்கிறார் ஒரு புரோக்கர். கிணற்றுத் தண்ணீரிலும் கலர் கலராகப் படலம் மிதக்கிறது. கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். அவர் சொல்வது தலைகீழ்: எண்ணெய் பெரும்பாலும் வடியாது, ஏறும். பூமிக்குள் குளம் எதுவும் இல்லை, மணற்பாறையின் பொடித் துளைகளில் உப்புத் தண்ணீர் நிறைந்திருக்கிறது. எண்ணெய் அதைவிட லேசு, கேஸ் இன்னும் லேசு, அதனால் மீன்குழம்பில் எண்ணெய் மேலே வருகிற மாதிரி இரண்டும் ஏறிப்போய், வழிவிடாத களிப்பாறைக்கு அடியில் மாட்டிக்கொள்கின்றன. மேலே கேஸ், நடுவில் எண்ணெய், கீழே தண்ணீர். அதெல்லாம் பல ஆயிரம் அடி ஆழத்தில். உங்கள் தோப்பின் பள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போதாததற்கு நம் பக்கம் கிடைப்பது பெரும்பாலும் கேஸ்தான், வழுதூர் மின்நிலையம் ஓடுவதே அதில்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு, புரோக்கர் நாளை இதையும் பிடித்துக்கொண்டு வருவார் என்பதால் சொல்லிவிடுகிறேன். எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கிற மட்டம் எப்போதும் சமமாக இருக்காது. ஆழத்தில் தண்ணீர் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தால் மட்டம் சாய்ந்து, எண்ணெய் உச்சியை விட்டு அந்தப் பக்கமாகத் தள்ளி நிற்கும். பாறையின் துளை ரொம்பப் பொடியாக இருந்தால் அது தண்ணீரை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மட்டம் எது என்றே தெளிவாகத் தெரியாது. இதையெல்லாம் கிணறு தோண்டி அழுத்தம் அளந்துதான் கண்டுபிடிக்கிறார்கள், உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து அல்ல.

படலத்தைக் குச்சியால் கலைத்துப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் இரும்புச்சத்தில் வளரும் பாக்டீரியா. கலைத்ததும் ஒன்றுசேர்ந்தால் எண்ணெய், அதுவும் அநேகமாக உங்கள் மோட்டாரிலிருந்து கசிந்ததுதான்.

சரி, அடியில் எண்ணெயே இருந்தாலும் உங்களுக்குப் பங்கு வராது. எடுக்கிற எண்ணெய்க்கான பங்குத்தொகை (ராயல்டி) அரசுக்கு, உங்களுக்கு மேல்மண்ணுக்கான வாடகையோ இழப்பீடோதான். இதை ஊர்க்காரர்களுக்குப் புரிகிற தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து ஒட்ட எந்த அலுவலகத்துக்கும் மனம் வரவில்லை. 2020 ஜனவரியிலிருந்து, எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கத் தோண்டும் ஆய்வுக் கிணறுக்கு மக்களிடம் கருத்துக் கேட்கவும் வேண்டியதில்லை என்று மத்திய அரசு ஆக்கிவிட்டது. அப்புறம் புரோக்கர் வராமல் யார் வருவார்?

உண்மையான சர்வே ஆட்கள் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் ஜிபே விவரத்தை எடுத்துக்கொண்டு இன்றைக்கே ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுங்கள், ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.