பால் காய்ந்தது, பாலைக் காய்ச்சினாள்

ஆங்கிலச் சந்தேகம்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை பதில் சொல்கிறார்

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு. ‘ஈட்’ என்பது டிரான்ஸிடிவ் வெர்ப் என்று நோட்ஸில் இருக்கிறது. பரீட்சையில் ‘வீ ஏட் அட் நைன்’ என்ற வாக்கியத்துக்கு அப்படியே எழுதினான், தப்பு என்று அடித்துவிட்டார்கள். சாப்பிட்டால் எதையாவது சாப்பிட்டுத்தானே ஆகவேண்டும்?
- ஒரு வாசகி, தேனி

பதில்: கடைசி வரியை ரசித்தேன். ஆனால் நியாயம் திருத்தியவர் பக்கம்தான். வயிற்றுக்குள் என்ன போயிற்று என்று இலக்கணம் பார்க்காது, வாக்கியத்துக்குள் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கும். ‘ஒன்பது மணிக்குச் சாப்பிட்டோம்’ என்பதில் இட்லியும் இல்லை, உப்புமாவும் இல்லை. அதனால் இங்கே அது இன்ட்ரான்ஸிடிவ், அதாவது செயப்படுபொருள் இல்லாத குன்றிய வினை. ‘வீ ஏட் இட்லிஸ்’ என்றால் இட்லி செயப்படுபொருள், அப்போது டிரான்ஸிடிவ், குன்றா வினை. குழப்பம் நோட்ஸில்தான். ஆங்கிலத்தில் ஏராளமான வினைகள் இரண்டு பக்கமும் போகும். ஒரு சொல்லுக்கு ஒரே முத்திரை குத்திக் கொடுத்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

தமிழில் இந்தக் குழப்பம் குறைவு. பஸ் நின்றது, டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார். பால் காய்ந்தது, அம்மா பாலைக் காய்ச்சினாள். நமக்கு வினையே உருமாறிவிடுகிறது. ஆங்கிலக்காரருக்கு இரண்டுக்கும் ஒரே ‘ஸ்டாப்’, ஒரே ‘பாயில்’. பின்னால் செயப்படுபொருள் வருகிறதா என்று பார்த்துத்தான் பிரிக்க முடியும். (நம்மிடமும் ‘திற’ என்று ஒன்று உண்டு: கதவு திறந்தது, கதவைத் திறந்தான்.) டம்ளரைக் கீழே போட்ட பிள்ளை ‘உடைஞ்சிடுச்சு’ என்றுதான் சொல்லும், ‘உடைச்சிட்டேன்’ என்று சொல்லாது. எது குன்றிய வினை, எது குன்றா வினை என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் செயப்படுபொருளைக் கண்டுபிடிக்கப் பள்ளியில் ‘வாட்’ என்று கேட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘ஹி பிகேம் எ டாக்டர்’: வாட்? டாக்டர். உடனே டிரான்ஸிடிவ் என்று எழுதிவிடுவார்கள். நான் வகுப்பில் வாக்கியத்தைத் தமிழில் சொல்லி, ‘ஐ’ என்ற வேற்றுமை உருபைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். ‘சோறு சாப்பிட்டேன்’ என்பதில் ஐ மறைந்திருக்கிறது, போட்டால் ‘சோற்றைச் சாப்பிட்டேன்’ என்று பொருந்தும். ‘டாக்டரை ஆனான்’ என்று எந்த ஊரிலும் சொல்லமாட்டார்கள். அப்படியானால் டாக்டர் அங்கே செயப்படுபொருள் இல்லை.

கேள்வி: ‘டிஸ்கஸ் அபவுட்’ தப்பு என்கிறார் மேலதிகாரி. எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறார்கள்?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: எல்லாரிலும் நானும் ஒருத்தி. வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஆசிரியர் கூட்டக் குறிப்பில் ‘டிஸ்கஸ்ட் அபவுட்’ என்று எழுதினேன். தலைமையாசிரியர் ‘அபவுட்’டை மட்டும் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குத் திட்டியிருக்கலாம்.

மேலே நான் புகழ்ந்த தமிழ் இங்கேதான் காலை வாரிவிடும். நாம் ‘அதைப் பற்றி’ விவாதிக்கிறோம், ஊருக்குப் போய்ச் சேர்கிறோம், அறைக்குள் நுழைகிறோம். அந்தப் ‘பற்றி’யும் ‘கு’வும் ‘உள்’ளும் ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன. ‘டிஸ்கஸ்’, ‘ரீச்’, அறைக்குள் நுழைகிற ‘என்டர்’ ஆகியவை செயப்படுபொருளை நேராகவே பிடித்துக்கொள்ளும், நடுவில் தரகர் வேண்டாம். ‘லிஸன்’ நேர்மாறு. ‘பாட்டைக் கேட்டேன்’ என்று நமக்கு ஐ வரும், அதற்கோ ‘டு’ இல்லாமல் முடியாது. ஆகவே ‘ஐ’ சோதனை தமிழ் வாக்கியத்தைப் பிரிக்க உதவும். ஆங்கில வினை எதைக் கேட்கிறது என்பதை அகராதியில்தான் பார்க்கவேண்டும். சாதாரண ஆங்கில-தமிழ் அகராதி போதாது, கற்பவர்களுக்கென்று வருவதை வாங்குங்கள். அதில் வினைக்குப் பக்கத்தில் டிரான்ஸிடிவுக்கு ‘டி’ அல்லது இன்ட்ரான்ஸிடிவுக்கு ‘ஐ’ என்று ஆங்கில எழுத்துப் போட்டு, எடுத்துக்காட்டு வாக்கியமும் தந்திருப்பார்கள். இந்த மாதிரி அகராதிக்கு முன்னோடி ஏ.எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். 1942ல் டோக்கியோவில் அவரும் இரண்டு சகாக்களும் கொண்டுவந்த அகராதி, வினைக்குப் பின்னால் என்னென்ன வரலாம் என்பதை 25 மாதிரிகளாக வகுத்துக் காட்டியது. ஜப்பானியப் பிள்ளைகளும் நம்மைப் போலத்தான் திண்டாடியிருக்கவேண்டும்.

கேள்வி: ‘லை’, ‘லே’ எப்போதும் மாறிப்போகிறது. சுலப வழி உண்டா?
- கல்லூரி மாணவி, திருவாரூர்

பதில்: ‘லை’ என்றால் கிட. ‘லே’ என்றால் கிடத்து. அதே மாதிரி ‘ரைஸ்’ எழு, ‘ரெய்ஸ்’ எழுப்பு. ‘ஃபால்’ விழு, ‘ஃபெல்’ வீழ்த்து. மரத்தை வெட்டிச் சாய்ப்பதற்கு இன்றும் ‘ஃபெல்’தான். நம்மைப் போல ஜோடி வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்த மொழிக்கும் ஒரு காலத்தில் இருந்தது, மிஞ்சியது இப்படிச் சில. தொல்லை என்னவென்றால் ‘லை’யின் இறந்தகாலமும் ‘லே’ என்றே வரும்: லை, லே, லெய்ன். மற்றது லே, லெய்ட், லெய்ட். நேற்று நாய் திண்ணையில் கிடந்தது என்றால் ‘லே’. கோழி முட்டையிட்டது என்றால் ‘லெய்ட்’. முட்டை என்று ஒரு பொருள் இருக்கிறதல்லவா! இவை ஆங்கிலேயருக்கே தடுமாறும், நீங்கள் வெட்கப்படவேண்டாம்.